பகல் வெளிச்சத்தில் வாங்கிய ஆடுகள்

ஸ்கெல்கார்த் பண்ணை
9 நவம்பர் 1961

திரு. ஐசக் டாலன்டைர் அவர்களுக்கு,

உங்களுக்கு என்னைத் தெரியாது. என் ஆடுகளைத் தெரியும். போன புதன்கிழமை இங்கே தீவனம் இறக்க வந்த லாரிக்காரர், கிழக்கே உங்கள் கோல்ட்ரிக் மலையில் நரைத்த உடம்பும் வெள்ளை முகமுமாக முப்பது ஆடுகள் மேய்வதாகச் சொன்னார். "கறுப்பு மூஞ்சி ஆடு மேயுற ஊர்ல, அழைக்காத கல்யாணத்துக்கு வந்தவங்க மாதிரி நிக்குதுங்கம்மா" என்றார். உங்கள் பக்கத்தில் எவரும் எங்கள் இன ஆட்டை வளர்ப்பதில்லை. போய் அவற்றின் காதுகளைப் பாருங்கள். இடது காது நுனி நேராக வெட்டியிருக்கும். வலது காதின் அடிப்பக்கம் ஒரு கீறல் இருக்கும். அது ஸ்கெல்கார்த்தின் அடையாளம். என் தாத்தா காலத்திலிருந்து இந்தப் பள்ளத்தாக்கில் வேறு எவரும் அப்படி வெட்டியதில்லை. முதுகில் சிவப்புச் சாயப் பட்டை இருந்தது. அதை நிச்சயம் கத்தரித்திருப்பார்கள்.

செப்டம்பர் கடைசியில் மலையிலிருந்து யாரோ ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். கிடா சேர்க்க மந்தையை இறக்கியபோதுதான் குறைவது தெரிந்தது. கான்ஸ்டபிளிடம் புகார் கொடுத்திருக்கிறேன்.

என் மலையில் வேலி கிடையாது. ஓடையிலிருந்து கரும்பாறை வரைக்கும்தான் தன் மேய்ச்சல் என்று ஒவ்வொரு ஆடும் தாயிடம் படித்துக்கொள்கிறது. வேறு ஆடுகளை விலைக்கு வாங்கி விட்டால் நிற்காது, இறங்கிப் போய்விடும். அந்த முப்பதும் போனதிலிருந்து பக்கத்துப் பண்ணை ஆடுகள் மெல்ல மெல்ல என் பக்கம் இறங்கி வருகின்றன. அவற்றின் மேல் தப்பில்லை, காலி இடம் இருக்கிறது, வருகின்றன. இரண்டு வருடம் போனால் அது அவர்களுடைய மேய்ச்சல் ஆகிவிடும். அப்புறம் எனக்குப் பண்ணை என்று இருக்கப்போவது வீடும் சேறும்தான். என் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. நானும் என் தம்பி லான்டியும் மட்டும் இதை இழுத்துக்கொண்டு போகிறோம்.

லாரியை நான் அனுப்புகிறேன். எந்த நாள் தோதுப்படும் என்று எழுதுங்கள்.

தாமசின் மௌன்சி

*

கோல்ட்ரிக்
17 நவம்பர் 1961

மதிப்புக்குரிய திருமதி மௌன்சி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் நான் படித்தேன், கோபம் வந்தது. பிறகு என் மனைவி ஐடா உரக்கப் படித்தாள், அவள் வாயில் இன்னும் மோசமாகக் கேட்டது. பிறகு பட்டிக்குப் போய்க் காதுகளைப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியேதான் இருக்கின்றன. அதை மறைக்கப் போவதில்லை.

ஆனாலும் ஆடுகள் என்னுடையவை. ஆல்ட்கிர்க் சந்தையில், நட்ட நடுப்பகலில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கையில் கை அடித்து வாங்கினேன். அரசர் பட்டயம் கொடுத்த காலத்திலிருந்து நடக்கிற சந்தை அது. அங்கே நல்ல மனதோடு வாங்கியதை யாரும் பிடுங்க முடியாது என்று என் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளியாசிரியரும் அதையே சொல்கிறார். உங்கள் காது வெட்டு இந்தப் பக்கத்தில் யாருக்கும் புரியாத எழுத்து. திருட்டு ஆடா என்று பார்க்க எனக்கு என் வழி ஒன்று இருக்கிறது. அதன்படி பார்த்துத்தான் வாங்கினேன்.

காலி மலை என்றால் என்ன என்று எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டாம். போன வருடம் பக்கத்துப் பண்ணையில் கோமாரி வந்தது. அரசாங்க ஆட்கள் வந்து, நோயே இல்லாத என் மந்தையையும் சேர்த்துச் சுட்டுக் குழியில் போட்டு எரித்தார்கள். ஐடா ஒரு வாரம் ஜன்னல் திரையை விலக்கவில்லை. பனியைத் தாங்குகிற ஆடு வேண்டும் என்று தேடி, உங்களுடையவை கிடைத்தன. இன்னொரு மந்தை வாங்க எனக்கு வழி இல்லை.

கிடா விட்டாகிவிட்டது. உங்கள் நஷ்டத்துக்கு உண்மையாகவே வருந்துகிறேன். லாரி அனுப்ப வேண்டாம்.

ஐசக் டாலன்டைர்

*

ஸ்கெல்கார்த்
26 நவம்பர் 1961

திரு. டாலன்டைர்,

வக்கீலைப் பார்த்தேன். நான் தோற்றுவிட்டேன் என்று சொல்லத்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்த மாதிரி இருந்தது. "திறந்த சந்தையில, பகல் வெளிச்சத்துல, திருட்டுன்னு தெரியாம வாங்கியிருந்தா அது வாங்கினவர் சொத்தும்மா. சட்டம் அவர் பக்கம்" என்றார். என் ஆடு, என் காது வெட்டு, என் மலை, ஆனால் சட்டம் உங்கள் பக்கமாம். பகலில் விற்றால் திருட்டு கழுவிப் போய்விடுகிறது என்று யார் கண்டுபிடித்தார்களோ, அவருக்கு ஒரு ஆடுகூட இருந்திருக்காது.

ஆனால் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும்போது இன்னொன்றும் சொன்னார். திருடன் பிடிபட்டு, வழக்கு நடந்து, தண்டனையும் ஆகிவிட்டால், சொத்து அந்தக் கணமே பழைய சொந்தக்காரருக்குத் திரும்பிவிடுமாம். வாங்கியவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

ஆகவே உங்களிடம் ஆட்டைக் கேட்கவில்லை. ஆளைக் கேட்கிறேன். உங்களுக்கு விற்றவன் யார்? எப்படி இருந்தான், என்ன பேசினான்? நீங்கள் சொன்னால் ஆடுகளை இழப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியட்டும் என்றுதான் மறைக்காமல் எழுதுகிறேன். நல்ல மனதோடு வாங்கினேன் என்கிறீர்களே, அந்த மனது எவ்வளவு நல்லது என்று பார்க்கலாம்.

தாமசின் மௌன்சி

*

கோல்ட்ரிக்
6 டிசம்பர் 1961

திருமதி மௌன்சி அவர்களுக்கு,

கெட்டிக்காரத்தனமான கடிதம். ஐடா அதை அடுப்பில் போடச் சொன்னாள். "உங்களுக்கு எதுவும் ஞாபகம் இல்லன்னு ஒரு வரி எழுதிப் போடுங்க. அது பொய்யில்ல, ஞாபகம் இல்லாம போறது மனுஷனுக்கு வர்றதுதான்" என்றாள். எனக்கு ஞாபகம் இருக்கிறது என்பதுதான் தொந்தரவு.

உங்களைக் காக்க வைத்ததற்கு மன்னியுங்கள். இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். கடைசியில் எழுதத்தான் தோன்றியது.

நாற்பது வயதுக்குள் இருப்பான். மெலிந்த ஆள், நல்ல உயரம், செம்பட்டை முடி. பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் ஆட்டைப் பார்த்தே பேசினான். தூரத்துப் பண்ணைக்காரர் ஒருவருக்காக விற்பதாகச் சொன்னான். பெயர் சொன்னான், அது பொய்ப் பெயராகத்தான் இருக்கும்.

என் வழி ஒன்று இருக்கிறது என்று எழுதினேன் அல்லவா? திருடியவன் பின்னால் திருட்டு ஆடு வராது. மிரளும், விலகும், நாயை வைத்துத்தான் ஓட்டவேண்டும். அதனால் நான் எப்போதும், "நாயைக் கட்டிப் போட்டுட்டு நட, பார்ப்போம்" என்று சொல்வேன். அவனிடமும் சொன்னேன். நாயைக் கட்டிவிட்டு நடந்தான். மொத்தமும் அவன் பின்னாலேயே போயின. மூக்கில் வெள்ளை விழுந்த ஒரு கிழட்டு ஆடு அவன் கோட்டுப் பையில் முகத்தை நுழைத்துத் துழாவியது. சந்தையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அப்போதே கையை நீட்டிவிட்டேன். இவ்வளவு வருட அனுபவத்தில் வேறு எதையும் நான் பார்க்கத் தேவைப்பட்டதில்லை.

பணத்தை வாங்கிய பிறகும் அவன் போகவில்லை. "வெள்ளை மூக்குக்காரி முன்னாடி போனாப் போதும், மத்ததெல்லாம் தானா வரும். அவளை மட்டும் கசாப்புக்கு அனுப்பிடாதீங்க" என்றான். திருடன் ஒருவன் எதற்காக அப்படிச் சொல்லவேண்டும் என்று இப்போது யோசிக்கிறேன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இந்தக் கடிதத்தைக் கான்ஸ்டபிளிடம் காட்டுங்கள்.

ஐசக் டாலன்டைர்

*

ஸ்கெல்கார்த்
29 ஜனவரி 1962

திரு. டாலன்டைர் அவர்களுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆடுகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் இதைத் தொடரப் போவதில்லை. சட்டம் உங்களுடையவை என்கிறது, அப்படியே இருக்கட்டும். என் முந்தைய கடிதங்களில் கடுமையாக எழுதியதற்கு வருந்துகிறேன்.

பனி அதிகமாக இருந்தால் மதில் ஓரம் போய்ப் படுத்து மூடிக்கொள்ளும். நீளமான கம்பால் குத்திப் பாருங்கள்.

தாமசின் மௌன்சி

*

கோல்ட்ரிக்
8 பிப்ரவரி 1962

திருமதி மௌன்சி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து ஐடா சந்தோஷப்பட்டாள். நான் படவில்லை. நவம்பரில் என் தொண்டையில் கால் வைத்து ஆடு கேட்ட பெண்மணி இவ்வளவு சீக்கிரம் வைத்துக்கொள் என்கிறார் என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை கான்ஸ்டபிள் ஒருவர் உங்கள் ஊரிலிருந்து வந்தார். உங்கள் புகார் இன்னும் நிற்கிறதாம். நீங்களே வேண்டாம் என்றாலும் அதை அவர்களால் தூக்கிப்போட முடியாதாம். "ஈத்துக் காலம் முடிஞ்சதும் ஒரு நாள் எங்க பக்கம் வாங்க. சந்தை நாள்ல நாலு பேரைக் காட்டுறேன், உங்க ஆள் இருக்கானான்னு பாருங்க" என்றார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆடுகள் நன்றாக இருக்கின்றன. ஆனால் இங்கே இல்லை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. விடிந்ததும் மேற்கு மதிலுக்குப் போய் வரிசையாக நிற்கின்றன. நான் திருப்பி விடுகிறேன், மத்தியானம் மறுபடி அங்கே நிற்கின்றன. மேற்கே உங்கள் மலை எந்தப் பக்கம் என்று எனக்கே சரியாகத் தெரியாது, அவற்றுக்குத் தெரிகிறது. என் சொத்து என்று சட்டம் சொல்கிற ஆட்டை நான் தினம் இரண்டு முறை மதிலிலிருந்து திருப்பிக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆள் யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா?

ஐசக் டாலன்டைர்

*

ஸ்கெல்கார்த்
16 பிப்ரவரி 1962

திரு. டாலன்டைர்,

தெரியும். உங்கள் கடிதத்தில் அந்தக் கிழட்டு ஆடு கோட்டுப் பையைத் துழாவியது என்ற இடத்துக்கு வந்தபோதே தெரிந்துவிட்டது. அந்த ஆட்டின் தாய் பனியில் செத்துப்போய், அடுப்போரம் புட்டியில் பால் கொடுத்து அதை வளர்த்தவன் ஒருவன்தான். என் தம்பி லான்டி.

பல நாள் கேட்கவில்லை. ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், சேர்ந்து மலை ஏறினோம், காணாமல்போன ஆடுகளைப் பற்றி அவன் எதிரிலேயே பக்கத்து வீட்டுக்காரர்களிடம் புலம்பினேன். கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு நாள் அவன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன்.

"ஆல்ட்கிர்க் சந்தைக்கு எதுக்குடா போனே?"

அவன் பூட்ஸை முழுவதும் கழற்றி ஓரமாக வைத்தான். பிறகுதான் பேசினான். "நான் திருடலக்கா. என் பங்கை வித்தேன்."

"உன் பங்குன்னு எதுடா இருக்கு?"

"அதான் அக்கா. எதுவும் இல்ல."

இங்கே ஒரு வழக்கம் உண்டு. பண்ணையில் பிறந்த பிள்ளைக்குச் சில குட்டிகளைக் கொடுத்து, அதற்கென்று தனியாக ஒரு காது வெட்டும் கொடுப்பார்கள். எனக்குக் கொடுத்தார்கள். லான்டி பிறந்த வருடம் அம்மா போய்விட்டாள், அப்பாவுக்கு எதுவும் நினைப்பில் இல்லை. பிறகு பண்ணையை என் கணவர் பெயருக்கு எழுதிவிட்டு, "மந்தையில பாதி சின்னவனுக்கு" என்று வாயால் மட்டும் சொன்னார். அந்த வார்த்தை அவரோடு போயிற்று. லான்டி இத்தனை வருடமும் கூலிக்கு வேலை செய்தான். வேட்டைநாய்ப் பந்தயத்தில் தோற்றுக் கடன் வாங்கினான். கடன் கொடுத்தவர்கள் கழுத்தை நெரித்தார்கள், விற்றான். பணம் அன்றைக்கே போய்விட்டது. இது எதுவும் நியாயமில்லை. என்னிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அவனை அறைந்தேன், நாற்பது வயது ஆளை. வாங்கிக்கொண்டு நின்றான்.

இப்போது நான் கேட்கப்போவது உங்களுக்குப் புரிந்திருக்கும். அவனோடு நேருக்கு நேர் பேசி, அடையாளம் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். சந்தை நாளில் வந்து, இந்த நாலு பேரில் அவன் இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஆடுகள் உங்களுக்கே நிற்கும். பண்ணை போனால் போகட்டும். எனக்குப் பிள்ளை இல்லை. அவனை நான்தான் தூக்கி வளர்த்தேன்.

தாமசின்

*

கோல்ட்ரிக்
1 மார்ச் 1962

திருமதி மௌன்சி அவர்களுக்கு,

முடியாது.

இந்த ஒரு வார்த்தையோடு அனுப்பிவிடலாம் என்று இருந்தேன். அது கோழைத்தனம் என்று ஐடா சொன்னாள். அவள் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதாள். நவம்பரில் உங்களை என்னவெல்லாம் சொன்னாள் என்று இங்கே எழுதப் போவதில்லை.

யோசித்துப் பாருங்கள். எனக்கு நஷ்டம் வரும்படி நீங்கள் பொய் சொல்லக் கேட்டிருந்தால், ஒருவேளை செய்திருப்பேன். ஒரு மனிதனைக் காப்பாற்ற ஏதோ ஒன்றை இழந்தேன் என்று மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் இந்தப் பொய்க்குக் கூலி உங்கள் ஆடுகள். அவன் இல்லை என்று நான் சொன்ன மறுகணம் முப்பது ஆடும் ஈற்றும் என் வீட்டில் நிலைக்கும். சத்தியம் செய்துவிட்டு வந்து அந்த மதில் ஓரம் நின்று தினம் அவற்றைத் திருப்பிவிட வேண்டும். அப்போது அவற்றை நான் சந்தையில் வாங்கியவன் இல்லை, இரண்டாவது முறை திருடியவன். இதுவரை நான் ஏமாந்தவன் மட்டும்தான். அதையாவது என்னிடம் விட்டுவையுங்கள்.

என்னால் முடிந்தது ஒன்றுதான். ஈற்றுக் காலம் முடியும்வரை இந்த இடத்தை விட்டு நகரமாட்டேன். அது பொய்யில்லை, எந்த ஆட்டுக்காரனும் நகரமாட்டான். மே மாதம் வந்தால் வருவேன். என்னைக் கேட்டால் சொல்வேன்.

உங்கள் தம்பியை நான் வெறுக்கவில்லை. அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கியபோது அவன் அந்தக் கிழட்டு ஆட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐசக் டாலன்டைர்

*

ஸ்கெல்கார்த்
2 ஏப்ரல் 1962

திரு. டாலன்டைர் அவர்களுக்கு,

நீங்கள் மே மாதம் வரவேண்டிய அவசியம் இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது.

உங்கள் கடிதத்தை நான் ஒளித்து வைக்கவில்லை. மேஜை மேல் திறந்தே கிடந்தது. லான்டி கை கழுவிவிட்டு வந்து, நின்றபடியே படித்தான். உங்களை எனக்குத் திட்டவேண்டும்போல இருந்தது, திட்டினேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீ அவரைக் கேட்டிருக்கக் கூடாதுக்கா" என்றான்.

பிறகு, "எனக்குத் தண்டனை ஆனாத்தானே ஆடு உனக்குத் திரும்பும்?" என்று கேட்டான்.

நான் மேஜையைத் துடைத்தேன். "வக்கீல் அப்படித்தானே சொன்னாரு?" என்று மறுபடி கேட்டான். ஆமாம் என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பொய் சொல்லத் தெரியாமல்போன ஒரே இடம் அது. "சரி" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனான். ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து எல்லாரும் கலைந்தபோது, கான்ஸ்டபிள் தன் மனைவியோடு நின்று பேசிக்கொண்டிருந்த இடத்துக்கு நேராகப் போய், தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. கான்ஸ்டபிளின் மனைவி சட்டென்று விலகிப் போனதைத்தான் பார்த்தேன்.

நீதிமன்றத்தில் அவனுக்கு வைத்த வக்கீல், பங்கு என்று நினைத்து எடுத்துவிட்டான், திருடும் எண்ணம் இல்லை என்று வாதாடலாம் என்றார். தப்பிக்கக்கூட வழி இருக்கிறதாம். லான்டி வேண்டாம் என்றுவிட்டான். "எண்ணம் இல்லைன்னா திருட்டு இல்ல. திருட்டு இல்லைன்னா ஆடு திரும்பாது. அப்படித்தானேங்க?" என்று அவரையே கேட்டான். அந்த மனிதர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று நீதிபதி கேட்டார். ஒப்புக்கொள்கிறேன் என்றான். சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். "தண்டனை ஆகணும், அவ்வளவுதாங்க" என்றான். நீதிபதி அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். ஒன்பது மாதம். அது திமிர் இல்லை, எனக்காகத்தான் என்று நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்துவிட்டேன்.

சட்டப்படி ஆடுகள் இப்போது என்னுடையவை. வயிறு தள்ளிய ஆட்டை லாரியில் ஏற்றக்கூடாது. ஈன்று, குட்டிகள் பால் மறக்கும்வரை அங்கேயே இருக்கட்டும். செலவு என்னுடையது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது நியாயமில்லை என்றும் தெரிகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கின்றன.

தாமசின் மௌன்சி

*

கோல்ட்ரிக்
20 மே 1962

திருமதி மௌன்சி அவர்களுக்கு,

உங்கள் ஆடுகள் ஈன்றுவிட்டன. ஒன்று மட்டும் செத்தது, மற்றவை சுகம். என் கிடாவின் கறுப்பு மூஞ்சியும் உங்கள் ஆட்டின் கனத்த காலுமாகக் குட்டிகள் பார்க்க வேடிக்கையாக இருக்கின்றன. ஐடா அவற்றைப் பார்க்க மட்டும் மலை ஏறுகிறாள். கோமாரிக்குப் பிறகு அவள் ஏறவே இல்லை.

எழுதவேண்டிய ஒன்றைத் தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறேன். இப்போது எந்த ஆடும் மேற்கு மதிலுக்குப் போவதில்லை. குட்டி இங்கே விழுந்ததால் தாயும் இங்கேயே நிற்கிறது. குட்டிகள் இந்த மலையைத் தங்களுடையதாக்கிக்கொண்டன. மேல் சரிவில் ஒரு நாள் இடி இடித்தது, அத்தனை குட்டியும் ஓடிப்போய் ஒரே பாறைக்குப் பின்னால் ஒதுங்கின. யாரும் சொல்லித்தரவில்லை.

வக்கீலைக் கேட்டேன். தாய் யாருடையதோ குட்டியும் அவருடையது என்றார். ஆகவே குட்டிகளும் உங்களுடையவை. எண்ணி அனுப்புகிறேன். "இவ்வளவு நாள் பார்த்துக்கிட்டதுக்கு ஒன்னும் கிடையாதான்னு கேட்டீங்களா?" என்று ஐடா சண்டை பிடித்தாள். கேட்டேன். "உங்க நஷ்டத்தை வித்தவன்கிட்டதான் கேக்கணும். அவன்கிட்ட ஒன்னும் இல்ல, ஜெயில்ல இருக்கான்" என்றார் வக்கீல். அப்படியே இருக்கட்டும்.

ஆகஸ்டில் லாரி அனுப்புங்கள். ஐடாவை அன்றைக்கு அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்.

ஐசக் டாலன்டைர்

*

ஸ்கெல்கார்த்
3 ஜூன் 1962

திரு. டாலன்டைர் அவர்களுக்கு,

கறுப்பு மூஞ்சிக் குட்டிகளை என் மலையில் விட்டால் சுற்றியுள்ள நான்கு பண்ணையும் என்னைப் பார்த்துச் சிரிக்கும். எங்கள் பக்கத்தில் கலப்பு ரத்தம் ஏறிய மந்தைக்கு நல்ல கிடாகூடத் தரமாட்டார்கள். அவை எனக்கு உதவாது.

இது சாக்குதான், நீங்களும் கண்டுபிடித்துவிடுவீர்கள், ஆனால் சாக்கு சொல்லும் உரிமையும் எனக்குச் சட்டப்படி வந்திருக்கிறது. அந்தக் குட்டிகளுக்கு என் மலை தெரியாது. இங்கே கொண்டுவந்தால் கிழக்கு மதிலில் போய் நிற்கும், நான் தினம் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். தாய்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவற்றுக்கு ஓடையும் கரும்பாறையும் மறந்திருக்காது. குட்டிகளுக்கு உங்கள் அடையாளத்தை வெட்டுங்கள். நான் வருவதற்கு முன்னாலேயே வெட்டிவிடுங்கள், அப்புறம் இருவருக்கும் பேச எதுவும் இருக்காது.

ஐடாவை எங்கும் அனுப்ப வேண்டாம்.

தாமசின்

*

கோல்ட்ரிக்
9 செப்டம்பர் 1962

தாமசின் அம்மாவுக்கு,

நீங்கள் வந்துபோன பிறகு நான்கு நாள் குட்டிகள் கத்தின. இப்போது அடங்கிவிட்டன. உங்கள் பக்கத்தில் தாய்கள் இறங்கியதும் நேராகக் கரும்பாறைக்குப் போயின என்று எழுதியிருந்தீர்கள், ஐடா அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது நீங்கள் சொன்ன ஒன்று எனக்குள் கிடக்கிறது. நன்னடத்தைக்கு மூன்று மாதம் கழித்துவிட்டதால் லான்டி இந்த மாதக் கடைசியிலேயே வெளியே வருகிறான், ஆனால் ஊர் அவனை ஏற்காது என்றீர்கள். அவன் மலையில் கால் வைத்தால், சேர்ந்து ஆடு இறக்க யாரும் கைகொடுக்கமாட்டோம் என்று நான்கு பண்ணைக்காரர்களும் சொல்லிவிட்டார்களாம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வேலியில்லாத மலையில் ஒருவரை ஒருவர் நம்பித்தான் பிழைக்கவேண்டும்.

நான் யோசித்துப் பார்த்தேன். அவன் உங்களிடம் திருடினான், அதற்குத் தண்டனை வாங்கிவிட்டான். என்னை ஏமாற்றினான், அதற்கு இன்னும் ஒன்றும் வாங்கவில்லை. வழக்கில் என் பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை. என் நஷ்டத்தை அவனிடம்தான் கேட்க முடியும் என்று சட்டம் சொல்கிறது. அவனிடம் ஒன்றுமில்லை என்று வக்கீலுக்குத் தோன்றலாம். எனக்கு அறுபத்தொன்று ஆகிறது, மேல் சரிவு ஏற மூச்சு வாங்குகிறது. அவன் ஆட்டுக்காரன்.

ஆகவே கேட்கிறேன். அவன் இங்கே வந்து எனக்குச் சேரவேண்டியதை வேலை செய்து தீர்க்கட்டும். பட்டிக்கு மேல் ஒரு அறை இருக்கிறது, அடுப்பும் உண்டு. தீர்ந்த பிறகு வருகிற முதல் ஈற்றில் ஐந்து குட்டியைப் பிரித்து, அவனுக்கென்று ஒரு காது வெட்டு வைத்துக்கொள்ளட்டும். இங்கே நான் ஒருவன்தான், இன்னொரு அடையாளத்துக்கு இடம் இருக்கிறது. இதை இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் நினைத்துவிட்டால் வரமாட்டான். எனக்கு அவன் கடன்பட்டிருக்கிறான், அதைக் கேட்கிறேன் என்று அப்படியே சொல்லுங்கள்.

ஐடா எதிர்க்கவில்லை. "அந்த ஆளுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்னு கேட்டு எழுதுங்க" என்றாள். இதையும் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

ஐசக்

*

ஸ்கெல்கார்த்
24 செப்டம்பர் 1962

ஐசக் அண்ணனுக்கு,

போன வெள்ளிக்கிழமை சிறைக்குப் போனேன். உங்கள் கடிதத்தைக் கம்பிக்கு அந்தப் பக்கம் அனுப்ப விடவில்லை, நான்தான் படித்துக் காட்டினேன். கடைசிவரை தலையைக் குனிந்து கேட்டான். காது வெட்டு என்ற இடத்தில் என்னை நிறுத்தச் சொன்னான். அந்த வரியை மறுபடி ஒரு தடவை படித்தேன், அதற்குள் காவலாளி நேரமாகிறது என்றார். எழுந்து போகும்போது, "அவருக்கு நான் கடன்தானே பட்டிருக்கேன்" என்றான். கேள்வி மாதிரியும் இருந்தது, பதில் மாதிரியும் இருந்தது.

வருகிறான். சனிக்கிழமை வெளியே விடுகிறார்கள். இங்கே வரமாட்டேன் என்கிறான், நேராக உங்கள் ஊர் பஸ் ஏறிவிடுவான். அவனுடைய குளிர்காலக் கோட்டையும் இரண்டு சட்டையையும் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஐடாவிடம் சொல்லுங்கள், என்ன வைத்தாலும் சாப்பிடுவான். வைக்காவிட்டால் கேட்கமாட்டான். சின்ன வயதிலிருந்தே எதையும் கேட்கத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு காலம் ஆயிற்று.

கடன் எப்போது தீரும் என்று உங்கள் கணக்கில் இருக்குமோ தெரியாது. சீக்கிரம் தீர்ந்துவிட்டதென்று சொல்லிவிடாதீர்கள்.

பனி விழ ஆரம்பித்த பிறகு மேல் சரிவுக்கு அவனைத் தனியாக அனுப்ப வேண்டாம். ஆடுகளுக்காகச் சொல்லவில்லை.

தாமசின்